பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு: ஓட்டலா, நூலகமா, ஷூட்டிங்கா?

போன படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படையல் வைக்கும் நாளுக்கு, வந்திருந்த ஒரு பழைய வீட்டுப் பங்காளிகள், சாப்பாடு முடிந்ததும் முகப்பில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள். "விக்கவும் மனசு வரலை, வச்சுப் பாக்கவும் ஆள் இல்லை. நீங்க நாலு வீட்டைப் பாத்தவங்க, என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மூத்தவர். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். அந்த யோசனைதான் இது. வேறு ஊர்களிலிருந்தும் இதே கேள்வி வந்துகொண்டே இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

நாங்கள் என்றால் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கொத்தனார் ஒருவர், பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் என்னைப் போல வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரும் மூன்று பேர். 1975ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும், எங்களிடம் சரியாக ஏழு பேர் இருந்தோம். வீடுகளை அளந்து வரைவது, போட்டோ எடுத்து வைப்பது, தூம்பு அடைப்பு எடுப்பது, சுவரில் முளைத்த செடியைப் பிடுங்குவது, சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிக்கு போன் போட்டுப் பேசுவது, இவ்வளவும் எங்களால் முடியும். உத்திரம் மாற்றுவது முடியாது. கீழே நான் சொல்வதையெல்லாம் இந்த அளவுகோலை வைத்துத்தான் படிக்க வேண்டும். கோடி ரூபாய் வைத்திருப்பவருக்கு வேறு கணக்கு.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். நூறு வருடம் தாண்டியது, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. முகப்பு, வளவு என்கிற முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை. பர்மா தேக்குத் தூண்கள் எல்லாம் இன்றும் இரும்பு மாதிரி நிற்கின்றன. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஒன்று. இப்போது 14 புள்ளி, 14 பூட்டு. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது, அறை மட்டும் அவரவருக்கு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வீடு இடிவதற்கு வறுமை காரணம் என்று நினைப்பார்கள். இல்லை. இந்த 14 பூட்டுதான் காரணம். ஒரு அறைக்குள் மழை ஒழுகினால் பக்கத்து அறைக்காரருக்குத் தெரியாது, தெரிந்தாலும் திறக்க முடியாது.

அதனால் என்ன உபயோகம் என்ற பேச்சுக்கே வருவதற்கு முன்னால் கூரை ஓடுகளைப் பற்றிப் பேசிவிட வேண்டும். செட்டிநாட்டுக் கூரை நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காகப் போட்டு மேய்ந்தது. குரங்கு நடந்தோ தேங்காய் மட்டை விழுந்தோ ஒரு ஓடு விலகினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி மழையில் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையும் கைமரமும் ஊறும். ஊறிய கட்டையைத் தேடிக் கரையான் வரும், கைமரம் தலை சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஓடு மொத்தமும் சரியும், பிறகு சுவர் நேராக நனையும். ஒரு ஓட்டில் தொடங்கியது ஒரு பக்கக் கூரையில் முடிய நாலைந்து மழைக்காலம் போதும், நாங்களே அப்படிப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறோம். இரண்டு சரிவு வந்து சேரும் கூடுவாயில்தான் இது பெரும்பாலும் ஆரம்பிக்கும், சருகு அடைத்துக்கொள்ளும் இடம் அது. இந்த வீட்டின் இரண்டாம் கட்டுக் கூடுவாயில் போன கார்த்திகையில் ஒரு அரசங்கன்று பார்த்தோம். ஒரு சாண் உயரம்கூட இல்லை. பிடுங்கப் போனால் வேர் பென்சில் தடிமனில் சுவருக்குள் ஒரு முழம் ஓடியிருந்தது, சாந்தைப் பிளந்துகொண்டு செங்கல் இடுக்குக்குள்ளேயே போய்விட்டது. மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். கொத்தனார் அண்ணன் அரைநாள் உட்கார்ந்து ஆணியும் கரண்டியும் வைத்து இழை இழையாக எடுத்தார்.

சிமெண்ட் விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மனசோடு பழுது பார்க்கிறேன் என்று வீட்டைக் கெடுப்பவர்கள்தான் அதிகம். இந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை, மேல்பூச்சு பல தடவையாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும், நூறு வருடமாக வெள்ளையடிக்காத பளபளப்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பின்னாலேயே நின்று உப்பாகப் பூத்து, கடைசியில் பழைய பூச்சையும் சேர்த்துத் தகடு தகடாக இழுத்துக்கொண்டு விழும். முகப்பில் ஒரு தூணடியில் யாரோ முன்பு சிமெண்ட் வைத்துப் பூசிய இடம்தான் இன்றைக்கு இந்த வீட்டிலேயே மோசமான இடம்.

சரி, இனி வழிகள்.

எல்லோரும் முதலில் சொல்வது ஓட்டல். கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், காரைக்குடியில் தி பங்களா என்று கண் முன்னால் உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்த்தால் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்துவிடும். தினம் துடைத்த தரை, ஒழுகாத கூரை, வளவில் விளக்கு. 1910ஆம் வருடத்து வீடான சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சு கட்டடக் கலைஞர்கள் சீர்படுத்தினார்கள். அவர்கள் தங்கள் ஒரு வீட்டோடு நிறுத்தாமல் செட்டிநாட்டு ஊர்களையே அளந்து, படம் வரைந்து, வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது. ஓட்டல் வந்தால் உள்ளூர்ச் சமையல்காரருக்கு, கொத்தனாருக்கு, ஆத்தங்குடியில் தரைக்கல் போடுபவருக்கு வருடம் முழுக்க வேலை. இதைக் குறைத்துப் பேசவே கூடாது. கைவேலை தெரிந்தவர் ஊரை விட்டுப் போனால் வீடு மட்டும் நின்று என்ன பயன்?

ஆனால் நான் இந்த வீட்டுக்கு ஓட்டலைச் சொல்ல மாட்டேன். முதல் காரணம் பாத்ரூம். இன்றைக்குத் தங்க வருபவருக்கு அறைக்கு அறை பாத்ரூம் வேண்டும். உள்ளறையை உடைத்துக் குழாய் இழுத்தால் சுண்ணாம்புச் சுவருக்குள் நிரந்தரமாக ஈரம் வைத்த மாதிரி. கவனமாகச் செய்பவர்கள் பழைய தரையை வெட்டாமல் அதற்கு மேலே இன்னொரு தரை எழுப்பி அதற்குள் குழாயை ஓட்டுகிறார்கள், அல்லது பின்கட்டில் புதிதாகக் கட்டிக்கொள்கிறார்கள். செலவு அதிகம், அந்த அக்கறை எல்லா குத்தகைதாரருக்கும் இருக்காது. இரண்டாவது, பத்திரம். இவ்வளவு பணம் போடுபவர் 20, 30 வருடக் குத்தகை கேட்பார், கேட்பது நியாயம்தான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், 14 புள்ளியும் கையெழுத்துப் போட வேண்டும், போட முடியாதவர் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும், இறந்துபோனவருக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு குடும்பத்தில் பதிமூன்று கையெழுத்து வாங்கி, பதினாலாவது பாகப்பிரிவினை வழக்காக முடிந்தது. மூன்றாவது, இடம். கானாடுகாத்தானுக்கு வருகிற கார் எங்கள் ஊருக்குத் திரும்புவதில்லை. வருபவர்களும் குளிர்மாதங்களில்தான் வருவார்கள், சித்திரை வெயிலில் முற்றம் கொதிக்கும்போது யார் வருவார்?

ஒரே சொந்தக்காரர், சுற்றுலா வழியில் ஊர், கூரை நல்ல நிலை, மூன்றும் இருந்தால் ஓட்டலைத் தாராளமாக யோசியுங்கள். படைப்பு நாளில் வீடு குடும்பத்துக்கு என்பதை மட்டும் பத்திரத்தில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சில் விடாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை அத்தனை பங்காளியையும் இந்த வாசலுக்கு இழுத்து வருவது அந்தப் படைப்பு ஒன்றுதான்.

அடுத்து ஷூட்டிங். பணம் உடனே வரும், கையெழுத்துத் தொல்லை குறைவு, இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று தோன்றும். போன வருடம் பக்கத்து ஊர் வீட்டில் ஒரு படப்பிடிப்பு முடிந்த மறுநாள் எங்களைக் கூப்பிட்டார்கள். வளவுத் தரையில் ஆத்தங்குடிக் கல் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பை அதில் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மேலே இருக்கும் அந்த மெல்லிய சாயப் படிவம்தான் கல்லின் அழகே. ஆசிட் பட்டதும் அது நுரைத்துக்கொண்டு போய்விட்டது. கைவிரலால் தடவினால் சொரசொரவென்று மணல் தட்டுப்பட்டது, பச்சைப் பூவும் சிவப்புப் பூவும் ஒரே சாம்பல் நிறம். அந்த வீட்டு ஆச்சி ஒன்றும் பேசவில்லை. தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து துணியில் நனைத்து, நிறம் திரும்பி வருமா என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

ஷூட்டிங்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. முன்பணமாக நல்ல தொகையை வாங்கி வையுங்கள், ஆணி கூடாது, பெயிண்ட் கூடாது, ஆசிட் கூடாது, ஜெனரேட்டர் தெருவில்தான் என்று எழுதி வாங்குங்கள், நம் ஆள் ஒருவர் முதல் லைட் இறங்கும் நேரம் முதல் கடைசி வண்டி போகும் வரை அங்கேயே இருக்க வேண்டும். அப்படி இருக்க எங்கள் ஏழு பேரில் வார நாளில் யாருக்கும் முடியாது. அதனால் எங்களைப் போன்ற குழு இதை நம்பி வீட்டை நடத்த முடியாது, கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளலாம், அதுவும் முகப்பு வரைக்கும் மட்டும்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாமே என்று ஒரு பங்காளி கேட்டார். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டைக் கட்டியதே கல்யாணத்துக்குத்தான். ஊரே வந்தால் பந்தி போட நீளநீளமான பத்திகள், சமைக்கப் பெரிய கொல்லை, மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கக் கிடாரங்கள். மற்ற எல்லா உபயோகத்தையும்விட வீட்டின் குணத்துக்கு இதுதான் நெருக்கம். குடும்பத்தார் தங்கள் கல்யாணத்தை இங்கே வைத்துக்கொண்டால் மனசார வரவேற்கிறேன், அந்தச் சாக்கில் ஓடும் மாற்றுவார்கள். வெளியாருக்கு மண்டபமாக விடுவது வேறு. அலங்காரக்காரர் தூணில் கட்டும் கம்பியும் சுவரில் அடிக்கும் ஆணியும் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் தெரியவரும்.

மியூசியம் என்ற யோசனை எப்போதும் வரும், அதுவும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்து. "தாத்தா ஞாபகமா ஒரு மியூசியம்" என்பார்கள். அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனால் மியூசியத்துக்குப் பொருள் வேண்டும், பல வீடுகளில் பொருள் என்றைக்கோ காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தாலும் பட்டியல் போட, பூச்சி பார்க்க, காவல் இருக்க, விளக்கம் சொல்ல ஆள் வேண்டும், டிக்கெட் காசு அதற்குக் காணாது. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக நடக்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஜெர்மனியின் ஹாலேயில் இருக்கும் பிராங்கே நிறுவனமும் இங்கே திருச்சபையும் நிற்கின்றன. அப்படி முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாத குடும்பம் மியூசியம் திறந்தால், மூன்றாவது வருடம் அதற்கும் ஒரு பூட்டு விழும். வேண்டுமானால் ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் செய்வது போல வீட்டையே காட்டி டிக்கெட் வாங்கலாம், அதற்கு அந்த அளவு வேலைப்பாடு இருக்க வேண்டும். இந்த வீட்டில் ஒரே ஒரு அறையை ஒதுக்கினால் போதும் என்பது என் கருத்து. பழைய கணக்கு நோட்டுகள், ரங்கூன் கடிதங்கள், கல்யாணத்தின்போது எழுதிய இசைகுடிமானம், நாலு வெண்கலப் பாத்திரம். அவ்வளவு.

பிரித்து விற்பது பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் கடைசியில் பல குடும்பங்கள் அங்கேதான் போய் நிற்கின்றன. வியாபாரி தூணை எண்ணுவார், நிலையை எண்ணுவார், உத்திரத்தை அடியில் அளப்பார். அவர் எண்ணாத எல்லாமும், அதாவது அந்தச் சுவர்ப்பூச்சு, தரை, முற்றத்துக்குள் வெயில் விழும் கணக்கு, இவையெல்லாம் ஜேசிபியில் போகும். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுபோய் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள், பாதி விழுந்துவிட்ட வீட்டுக்கு அப்படி ஒரு வாழ்வு கிடைத்தால் நல்லதுதான். நின்றுகொண்டிருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டால் எங்களைப் போன்ற குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாட்டு ஓட்டையாவது எடுத்துக்கொள்கிறோம். அந்த ஓடு போடும் சூளைகள் குறைந்துபோனதால், ஒரு வீட்டின் பழைய ஓடுதான் இன்னொரு வீட்டின் கூரையைக் காப்பாற்றுகிறது.

அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டால்? தமிழ்நாட்டில் 2012இலேயே மரபு ஆணையச் சட்டம் நிறைவேறிவிட்டது, ஆனால் சட்டம் ஏணி வைத்து ஏறாது. தவிர, அரசுக் கட்டடம் என்றாலே பத்திரம் என்று நினைப்பவர்களுக்குப் புதுச்சேரி மேரி கட்டடத்தைச் சொல்வேன். நகராட்சிக் கட்டடம், கடற்கரைச் சாலையில் எல்லோர் கண்ணிலும் படும் இடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டித் திறக்க 2021 ஆனது. அதே புதுச்சேரியில் வைசியாள் வீதிதான் எனக்குப் பிடித்த உதாரணம். ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே தமிழர் வீடுகளின் தெருமுகப்பை, திண்ணையும் தாழ்வாரமுமாக, வரிசையாகச் சீர்படுத்தியது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்றும் அதற்குக் கிடைத்தது. யாரையும் வெளியேற்றாமல் தெருவாக எடுத்துச் செய்தார்கள். ஒரு வீட்டை மட்டும் மாளிகையாக்கிவிட்டு இரண்டு பக்கமும் இடிந்து கிடந்தால் அந்தத் தெருவுக்கு என்ன கிடைத்தது?

இப்போது நூலகம். எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. அவர் 1992இல் காலமானார், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையில் நூலகமாக நடத்த வழி செய்தது, இன்றைக்குத் தரமணியில் ஆராய்ச்சிக்காரர்களெல்லாம் போகும் இடம் அது. காப்பாற்றியவர்களைக் கும்பிட வேண்டும். ஆனாலும் இந்த மண்ணில் ஒருவர் சேர்த்த புத்தகத்தைப் பார்க்க இந்த மண்ணின் பிள்ளை சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆறாத விஷயம்.

அதனால் பங்காளிகளிடம் கேட்டு, மூன்று மாதம் முகப்பை மட்டும் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை திறந்து வைத்தோம். இரண்டு அலமாரி புத்தகம், நாலு பாய், இரண்டு டியூப்லைட். முதல் வாரம் மூன்று பிள்ளைகள். தலைமையாசிரியர் ஐயா பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் பதினெட்டு, இருபது என்று ஆனது. ஒரு ஏழாம் வகுப்புப் பெண் தினமும் வந்ததும் நிலைவாசலுக்கு முன்னால் நின்று, மேலே மரத்தில் செதுக்கியிருக்கும் ராமர் பட்டாபிஷேகத்தில் யார் யார் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். "சார், இந்தக் கடைசி ஆளுக்கு மட்டும் முகம் இல்லையே, ஏன்?" என்று ஒருநாள் கேட்டாள். நாலு வருடமாக அந்த வாசலில் போய்வந்த நான் அதைக் கவனித்ததே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த முகம் இருந்த இடத்தில் கரையான் துளைத்திருந்தது, மேலே பெயிண்ட் மட்டும் தோலாக நின்றது. அன்றைக்கே மருந்து வைத்தோம்.

இன்னொரு நாள் ஒரு பையன் ஓடி வந்து, "சார், உள் பத்தியில மேலேருந்து வெயில் ஒரு புள்ளியா விழுது" என்றான். இரண்டு ஓடு விலகியிருந்தது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் புரட்டாசி மழை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர்கள், அந்த வெயில் புள்ளி எங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஓட்டலில் இந்த வேலையைச் சம்பளம் கொடுத்துச் செய்கிறார்கள், இங்கே பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தார்கள். எந்த உபயோகம் நல்லது என்று என்னைக் கேட்டால், தினமும் ஒரு ஜோடிக் கண்ணாவது கூரையைப் பார்க்கிற உபயோகம் எதுவோ அது.

நூலகத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. அதில் பத்துப் பைசா வரவு இல்லை. கரண்ட் பில், ஒரு கழிப்பறை, திறந்து மூட ஒருவருக்குச் சம்பளம் என்று மாதாமாதம் செலவு. பொறுப்பும் பெரிது, பிள்ளைகள் இருக்கும்போது ஒரு காரை பெயர்ந்து தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது? நாங்கள் இரண்டாம் கட்டுக் கதவைப் பூட்டி, முகப்பு மட்டும், அதுவும் கொத்தனார் அண்ணன் ஒவ்வொரு உத்திரமாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் திறந்தோம். தவிர, பிள்ளைகளைக் கூட்டுவது ஒரு மனிதரின் உழைப்பு. தலைமையாசிரியர் ஐயாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் கூட்டம் பாதியாகிவிட்டது.

அதிகம் பேர் யோசிக்காத ஒன்று, பின்கட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது. வாடகை வேண்டாம், மாதம் ஒரு தொகை நாமே கொடுக்கலாம், வாசல் தெளித்து, விளக்கேற்றி, முற்றத்துத் தூம்பைப் பார்த்துக்கொண்டால் போதும். பல வீடுகள் இன்றைக்கு நிற்பது இப்படி ஒரு கணவன் மனைவியால்தான், அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. அவர்களுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், வயதான காலத்தில் அவர்களை அம்போ என்று விட்டுவிடாத மாதிரி.

ஆக, இந்த வீட்டுக்கு நாங்கள் சொல்லப்போவது இதுதான். முதல் வருடம் பணம் முழுவதும் கூரைக்கு. 14 புள்ளியும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு வரும் பங்கு, சிங்கப்பூரிலிருந்து ஒருவர் படைப்புக்கு வந்துபோகும் டிக்கெட் செலவுக்குக் கீழேதான், மூத்தவரிடம் கணக்குப் போட்டே காட்டிவிட்டோம். கூடவே பின்கட்டில் ஒரு குடும்பம். முகப்பு, சாயங்காலப் படிப்பகமாகத் தொடரட்டும். எங்கள் சங்கத்தோடு 11 மாத ஒப்பந்தம் போட்டால் போதும், பிடிக்கவில்லை என்றால் அவர்களும் விலகலாம், நாங்களும் விலகலாம். மூன்றாவது வருடம், கூரை இரண்டு மழை தாங்கிய பிறகு, இரண்டாம் கட்டில் நாலு அறையை மட்டும் விருந்தினர் தங்க விடலாம், கழிப்பறை கொல்லைப் பக்கம். அந்த வரவு படிப்பகத்துக்கும் அடுத்த ஓட்டுச் செலவுக்கும். பெரிய ஓட்டல் நிறுவனம் யாராவது அதற்குள் வந்து கேட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம், கூரை நன்றாக இருக்கும் வீட்டுக்குக் குத்தகையும் கூடுதலாகவே கிடைக்கும்.

எங்கள் குழுவிலேயே எல்லோரும் இதற்குச் சம்மதம் இல்லை. பாலிடெக்னிக் பிள்ளைகள் இரண்டு பேரும் நேராக விருந்தினர் அறையில் தொடங்கலாம், பணம் வந்தால்தான் பங்காளிகள் நம்புவார்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒழுகும் வீட்டில் விருந்தாளியைப் படுக்கவைக்க எனக்கு மனசில்லை.

இப்போதைக்குத் தடையாக நிற்பது ஒரு அறை. வடகிழக்கு மூலை, ஒன்பதாவது புள்ளி. இருபது வருடத்துக்கு மேலாகத் திறக்கவில்லை. அதன் மேலேதான் கைமரம் தலை சாய்ந்திருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தாலே ஓடு பள்ளமாகத் தெரிகிறது. உள்ளே போகாமல் முட்டுக் கொடுக்க முடியாது. அந்தக் குடும்பத்து ஆச்சி சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார், போனில் பேசினேன். "சாவி என் பெட்டியிலதான் இருக்கு தம்பி. உள்ள எங்க மாமியா வச்ச சாமானெல்லாம் அப்படியே இருக்கு, நான் வந்து பாத்துட்டுத்தான் தொறக்கணும்" என்றார். வாருங்கள் ஆச்சி, நீங்கள் வந்தே திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனி பிறந்ததும் கூட்டி வருவதாக மகள் சொல்கிறார். அவர் வந்துவிட்டால் ஆவணிக்குள் அந்த மூலையைப் பிரித்து மேய்ந்துவிடலாம், ஓடு எடுத்து வைத்திருக்கிறோம், ஆள் சொல்லியாகிவிட்டது. வர முடியாமல் போனால் வெளியிலிருந்து தார்ப்பாய் போட்டு இந்த ஐப்பசியைத் தாண்ட வேண்டும்.